ஓய்வும் கடனும்

உழைப்பை அறமெனப் போற்றாத சமுதாயம் உலகில் இல்லையென்றே கூறலாம். ஓய்வைப் பற்றி அத்தகைய ஒருமித்த கருத்து என்றும் நிலவியதில்லை. உழைத்துக் களைத்தவன் இளைப்பாறுவதை எவருங் குறைகூறார். ஆனால், பிறருடைய உழைப்பினாற் பெற்ற பொருளைக்கொண்டு வாழும் ஒருவன், களைப்பு நீங்குதற்காக அன்றித் தன் மனம் விரும்பியவாறு ஒரு நாளைக் கழிப்பானாயின், அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? அது அவனுடைய உரிமையா? அன்றி, அவனுக்குப் பொருளீந்தோருக்கு அவன் இழைக்கும் தீங்கா? இவ்வினா தத்துவ நூல்களில் மட்டும் உறைவதன்று. கல்விக்காகக் கடல்கடந்து சென்ற மாணவர் பலரின் வாழ்வில் வாரந்தோறும் எழுந்து, விடைகாணப்படாமலே அடங்கிப்போவது. ஆகவே, அவ்வாழ்வில் வைத்தே அதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினிற் பயிலும் யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனை உதாரணமாகக் கொள்ளலாம். கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமை அது. கடைகள் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கின்றன, விரிவுரைகள் இல்லை. அவன் தாமதித்து எழுகிறான். முன்னொரு காலத்தில் ஆட்சியாளரின் வேட்டைக்காடாக விளங்கி, 18ஆம் நூற்றாண்டிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தியர்கார்டன் பூங்காவினூடாக நடக்கிறான். பிராண்டன்பேர்க் வாயிலைக் கடந்து, உன்டர் டென் லிண்டன் வீதிவழியே சென்று, போடே நூதனசாலைக்கு அண்மையில் ஆற்றங்கரையிற் பழைய நூல் விற்போரிடம் நெடுநேரம் நிற்கிறான், எதனையும் வாங்கவில்லை. ஒரு கோப்பி அருந்துகிறான். மாலையில் தெம்பெல்ஹோவ் வெளியை அடைகிறான். 2008இல் மூடப்பட்ட விமான நிலையமொன்று 2010இற் பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இடம் அது. விமானங்கள் ஓடிய பாதையிலே பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்தவாறு புல்லில் அமர்ந்திருக்கிறான். அவ்வேளை தொலைபேசி ஒலிக்கிறது. ஊரிலே இரவு எட்டரை மணி.

"தம்பி, இண்டைக்கு என்ன செய்தனீ?"

"படிச்சனான், அம்மா."

அந்த நாளில் அவன் எவருக்கும் தீங்கு செய்தானல்லன். குடித்தோ சூதாடியோ பணத்தை அழித்தானல்லன். அவ்வாறாயின், தீதற்ற ஒரு நாளைப் பொய்யினால் மூடவேண்டிய தேவை அவனுக்கு ஏன் நேர்ந்தது? தாய் கடிந்துகொள்வாள் என்ற அச்சம் மட்டும் இதற்குக் காரணமாகாது. அந்நாள் தனக்குரியதன்று, வேறொருவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று அவனே நம்புகின்றான் என்பதே காரணமாகும். களவாடிய பொருளைத்தான் மனிதன் ஒளிப்பான். எனவே, அவன் ஓய்வு களவா என்பதே இங்கு தீர்க்கப்படவேண்டிய வினாவாகும்.

களவே என்று வாதிடுவோரின் பக்கம் வலுவற்றதன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஜேர்மனிக்குக் கற்கச் செல்லும் மாணவன், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குத் தன்னிடம் வழியுண்டெனக் காட்டுதல் வேண்டும். மாதந்தோறும் ஒரு குறித்த பங்கை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கிற் பணத்தை முற்கூட்டியே வைப்பிலிடுவது வழமை. 2024 செப்டெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதத்திற்கு 992 யூரோ. ஒரு நாளுக்கு ஏறத்தாழ 33 யூரோ. இத்தொகை பல வீடுகளிற் காணியை ஈடுவைத்தும் நகையை அடைவு வைத்தும் சேர்க்கப்பட்டதாக இருக்கும். படித்த நாளின் விலை 33 யூரோவாயின், பட்டம் பார்த்த நாளின் விலையும் 33 யூரோவே. ஈடுவைத்த காணிக்கு வட்டி ஞாயிற்றுக்கிழமையிலும் வளர்கிறது. வட்டிக்கு ஓய்வுநாள் இல்லாதபோது கடன்பட்டவனுக்கு மட்டும் ஓய்வுநாள் எங்ஙனம் உரியதாகும் என்று அவர்கள் வினவுவர். மடியின்மையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவரையும் தமக்குத் துணையாக அழைப்பர்.

இவ்வாதத்திற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. ஓய்வெடுத்தவன் மறுநாள் நன்கு படிப்பான். எனவே ஓய்வும் படிப்பின் ஒரு பகுதியே என்பது அவ்விடை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பாட அலகு முறையும் இதற்கு இடந்தருகின்றது. ஓராண்டுக் கல்விக்கு 60 அலகுகள். ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு. ஆக, ஆண்டொன்றுக்கு 1,500 முதல் 1,800 மணிநேரம். நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் எனக் கொண்டால், மேல் எல்லையிலுங்கூட 225 நாட்களே வருகின்றன. எஞ்சிய நாட்கள் உண்டென்பதைப் பாடத்திட்டத்தை வகுத்தோரே ஏற்றுள்ளனர்.

இவ்விடை மாணவனுக்கு ஆறுதல் அளிக்கலாம். ஆனால் வினாவைத் தீர்ப்பதில்லை. உழைப்புக்குப் பயன்படுவதாற்றான் ஓய்வு நல்லது என்று கூறுமிடத்து, ஓய்வு தன்னளவில் எவ்வித மதிப்புமற்றது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. எண்ணெய் பூசுவதற்காக நிறுத்தப்படும் இயந்திரத்தின் நிலைக்கு மனிதன் இறங்கிவிடுகிறான். ஜேர்மானியச் சிந்தனையாளரான தியோடர் அடோர்னோ 1969இல் ஓய்வுநேரம் பற்றி நிகழ்த்திய உரையொன்றிற் சுட்டிக்காட்டியது இதனையே. இக்காலச் சமுதாயத்தில் ஓய்வுநேரமென்பது வேலையிலிருந்து விடுபட்ட நேரமன்று. அது வேலையின் நிழல். வேலைக்கு மீண்டும் ஆளைத் தயார்செய்து அனுப்புவதே அதன் பணி என்பது அவர் கருத்து. பட்டம் பார்த்த மாணவன் மறுநாள் நன்கு படித்தானா என்று கணக்குப் பார்ப்போர், அவன் நாளைத் திருப்பிக் கொடுத்ததாக எண்ணலாம். உண்மையில், கணக்கேட்டில் அதனை வேறொரு பக்கத்திற்கு மாற்றியிருக்கின்றனர், அவ்வளவே.

பண்டைய கிரேக்கர் இவ்வுறவைத் தலைகீழாகக் கண்டனர். அமைதிக்காகவே போர் செய்யப்படுதல்போல ஓய்வுக்காகவே தொழில் செய்யப்படுகிறது என்பது அரிஸ்டோட்டிலின் கோட்பாடு. அவர் கூறிய ஓய்வு சோம்பலன்று. பிறிதொரு பயனை நோக்காது, தன்பொருட்டே செய்யப்படும் சிந்தனைக்கும் நட்புக்கும் இசைக்குமான விடுதலை அது. ஓய்வைக் குறித்த 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லே, இலத்தீன் வழியாக, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. தமிழிலும் இதற்கு ஒப்பான ஒரு செய்தி உண்டு. 'பள்ளி' என்னும் சொல் படுக்கையையும் துயிலிடத்தையும் குறிக்கும். பள்ளிகொள்ளல், பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. துறவிகள் தங்கிய இடமும் பள்ளியே. மாணவர் கற்கும் இடமும் பள்ளியே. தொடர்பற்ற இரு மொழிகளில், கல்விக்குரிய இடத்தின் பெயர் இளைப்பாறுதலோடு உறவுடையதாக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

தொல்காப்பியத்து உரியியல் தரும் குறிப்பொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. ஓய்தல், ஆய்தல் என்னும் இரண்டையும் வேறிரு சொற்களோடு சேர்த்து, உள்ளதொன்று நுணுகுதலைக் குறிக்கும் சொற்களாக ஆசிரியர் உரைக்கிறார். அங்கு ஆய்தல் என்பது இன்று வழங்கும் ஆராய்ச்சி என்னும் பொருளிற் கூறப்பட்டதன்று. மெலிதலும் சுருங்குதலுமே கருத்து. எனினும், ஆய்வுக்கும் ஓய்வுக்கும் உரிய சொற்கள் அங்கு ஒரே பொருளில் அருகருகே நிற்பது கருத்தைத் தூண்டுவதாகும். உள்ளம் பரபரப்பொழிந்து நுணுகும்போதுதான் பொருள்களின் நுட்பம் அதற்குப் புலப்படும். 1810இற் கற்பித்தலைத் தொடங்கிய பேர்லின் பல்கலைக்கழகத்தைத் திட்டமிட்ட வில்ஹெல்ம் வொன் ஹும்போல்ட், தனிமையும் சுதந்திரமுமே அத்தகைய நிறுவனத்தின் அடிப்படைகள் என்று கருதியதன் காரணமும் இதுவாகலாம். அப்பல்கலைக்கழகத்தின் வாயிலை ஞாயிற்றுக்கிழமையில் நோக்கமின்றிக் கடந்து செல்லும் மாணவன், அதன் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனைவிட அதன் நோக்கத்திற்கு வெகுதூரத்தில் இருக்கின்றான் என்று உறுதியாகக் கூறுதல் இயலாது.

ஆயினும், வேலையற்ற நேரம் யாவும் ஓய்வாகிவிடாது. இவ்வேறுபாட்டினையும் அதே நகரின் வரலாறு உணர்த்துகின்றது. 1980களின் முற்பகுதியில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பேர்லினின் சோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பிரீட்ரிக் வீதிப் புகையிரத நிலையத்தினூடாக மேற்கு பேர்லினை அடைந்தனர். இன்று மாணவன் நடந்துசெல்லும் பாதைக்கு மிக அண்மையிலுள்ளது அந்நிலையம். மேற்கு ஜேர்மனியிற் புகலிடங் கோரியோர் நெடுங்காலம் வேலைசெய்யத் தடைவிதிக்கப்பட்டிருந்த காலம் அது. அவர்களுக்கு நேரம் நிரம்ப இருந்தது. பூங்காவும் ஆறும் வீதியும் அவையே. ஆனால், ஊரிற் கடன். உறவினரைப் பற்றிய அச்சம். நாளை என்னவாகும் என்று அறியாத நிலை. விடுதியறையிற் கட்டிலில் அமர்ந்து சுவரைப் பார்த்திருந்த மனிதனை ஓய்வுபெற்றவன் என்று எவரும் கூறார். வேலை மறுக்கப்பட்டவனின் வெறும்பொழுதும், வேலையுள்ளவன் தானாக எடுத்துக்கொண்ட பொழுதும் கடிகாரத்தில் ஒன்றாகலாம், வாழ்வில் ஒன்றல்ல. ஓய்வுக்கு நேரம் மட்டும் போதாது. அந்நேரத்தைத் தனதென்று கொள்ளும் உரிமையும் வேண்டும்.

மடியும் இவ்வாறே ஓய்வின் வேறானது. காலந்தாழ்த்தலையும் மறதியையும் அளவிறந்த துயிலையும் வள்ளுவர் மடியோடு ஒருசேர வைத்துக் கண்டிக்கிறார். இவை யாவும் விழிப்பின்மையின் வகைகள். செய்யவேண்டியதிலிருந்து தப்பியோடி, கைத்தொலைபேசித் திரையில் ஒரு நாளைத் தொலைப்பவன் மடியுற்றவன். பொழுதை அவன் 'போக்கு'கின்றான். ஆற்றங்கரையிற் பழைய நூல்களைப் புரட்டி நின்றவனோ விழித்திருந்தான். வள்ளுவரின் கண்டனம் முன்னவனைச் சாரும், பின்னவனைச் சாராது.

இனி, கடன் என்னும் வாதத்திற்கு மீளலாம். பெற்றோர் மகனுக்கு அனுப்பியது பணம். ஆனால் அவர்கள் வாங்கியது அவனுடைய மணித்தியாலங்களை அல்ல. கூலிக்கு அமர்த்தியவன் வேலையாளின் நேரத்தை விலைக்கு வாங்குகிறான். நேரம் வீணானால் முறையிடுகிறான். தாய் தந்தையர் அத்தகைய ஒப்பந்தம் எதனையும் செய்யவில்லை. தம் பிள்ளை அறிவும் பண்பும் உடைய மனிதனாகவேண்டும் என்பதே அவர் விருப்பம். செய்ந்நன்றியறிதலைப் பேசும் வள்ளுவர், உதவியின் பெருமையை அதன் அளவிலன்றிப் பெற்றுக்கொண்டவரின் சால்பிலே காண்கிறார். சால்பு மணிக்கணக்கில் அளக்கப்படும் பொருளன்று. நன்றிக்கடன் வங்கிக் கடனைப்போலத் தவணையில் தீர்வதன்று என்பதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

இவ்வளவில் ஓய்வு களவன்று என்பது பெறப்படும். ஆனால் கட்டுரை இங்கு முற்றுப்பெறுமாயின், அது மாணவனுக்குச் சாதகமான ஒரு தீர்ப்பாக மட்டுமே அமையும். மகன் சால்பைப் பற்றிச் சிந்திக்கும் அதே ஞாயிற்றுக்கிழமையில் தாய் என்ன செய்தாள் என்ற வினா எஞ்சி நிற்கிறது. அவளுக்கு ஞாயிறு ஓய்வுநாளன்று; வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளாதலால் அடுப்பில் அதிக வேலையுள்ள நாள். ஓய்வைப் போற்றிய அரிஸ்டோட்டிலின் கோட்பாட்டிலும் இதே குறை உண்டு. அவர் கண்ட ஓய்வு, அடிமைகள் உழைத்த நகரத்துச் சுதந்திர ஆடவரின் ஓய்வு. நெசவுத்தறியின் ஓடம் தானே ஓடுமாயின் எசமானருக்கு அடிமைகள் வேண்டியதில்லை என்று அவரே எழுதினார். ஓடங்கள் தானே ஓடத் தொடங்கிப் பல தலைமுறைகள் கடந்தும் ஓய்வு சமமாகப் பங்கிடப்படவில்லை.

பேர்லினின் அந்த ஞாயிற்றுக்கிழமையும் பலருடைய உழைப்பின்மேல் எழுந்ததே. புகையிரதத்தை ஒருவர் செலுத்தினார். கோப்பிக் கோப்பையை ஒருவர் கழுவினார். வைத்தியசாலையில் தாதியர் கடமையில் இருந்தனர். துவிச்சக்கரவண்டியில் உணவுப் பொதியைச் சுமந்து ஒருவர் விரைந்தார். அவ்வாறு விரைந்தவர் மற்றொரு வெளிநாட்டு மாணவராக இருந்திருக்கலாம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அத்தகைய மாணவர் ஆண்டில் 140 முழுநாட்கள் அல்லது 280 அரைநாட்கள் வேலைசெய்யலாம். அடுத்த வாரம் இம்மாணவனே அவ்வண்டியைச் செலுத்தவும் கூடும். ஒருவனின் ஓய்வு மற்றொருவனின் வேலையாக அமையும் இவ்வுறவைக் காணாதவனின் ஓய்வு, எத்துணைச் சிந்தனை நிரம்பியதாயினும், பழைய எசமானின் ஓய்வே.

தாய்க்குக் கூறப்பட்ட பொய்யின் முழுக்குற்றமும் இவ்விடத்திலேதான் புலப்படுகின்றது. அது வாய்மையை மட்டும் குலைப்பதன்று. ஓய்வெடுத்தல் மறைக்கவேண்டிய செயல் என்ற எண்ணத்தை அப்பொய் அவளிடம் மீண்டும் ஒருமுறை உறுதிசெய்கிறது. தன் வாழ்நாளில் ஒரு நாளையேனும் தனதென்று கொள்ளத் துணியாத அவள், தன் மகனும் அவ்வாறே வாழ்கிறான் என்று எண்ணி, தன் நிலையை இயல்பென ஏற்றுக்கொள்கிறாள். உண்மையைக் கூறியிருப்பானாயின் அவள் வருந்தியிருக்கலாம், சினந்துமிருக்கலாம். ஆயினும், நல்லவன் ஒருவனும் ஒரு நாள் சும்மா இருக்கலாம் என்ற செய்தி அவ்வீட்டை எட்டியிருக்கும். தான் நுகரும் ஓய்வைத் தன்னைத் தாங்குவோரிடமிருந்து மறைப்பவன், அவர்களுக்கும் அது உரியது என்பதையும் சேர்த்தே மறைக்கின்றான்.

இத்தகைய உரிமை தனிமனிதரின் நல்லெண்ணத்தினால் மட்டும் நிலைபெறாது என்பதையும் கூறுதல் வேண்டும். மாணவன் கண்ட பூட்டிய கடைகள் தாமாகப் பூட்டிக்கொண்டவையல்ல. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு, ஞாயிற்றுக்கிழமையை வேலையிலிருந்து ஓயும் நாளாகவும் உள்ளம் உயர்வுறும் நாளாகவும் சட்டத்தின் காப்பில் வைத்தது. 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் அவ்வுறுப்பினை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்கப் பேர்லின் மாநிலச் சட்டம் இடமளித்தபோது, திருச்சபைகள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசெம்பர் 1ஆம் திகதி கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வேற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அத்தீர்ப்பு வழிபாட்டை மட்டும் கருதியதன்று. குடும்பமாகவும் சங்கமாகவும் மக்கள் ஒன்றுகூடுதற்கு எல்லோருக்கும் பொதுவான ஓய்வுநாள் தேவை என்பதையும் அது வலியுறுத்தியது. தனித்தனியே ஒவ்வொருவருக்கும் ஒரு விடுமுறையளித்தால் இந்நோக்கம் நிறைவேறாது. ஒருவனுக்குச் செவ்வாயும் அவன் மனைவிக்கு வியாழனும் விடுமுறையாயின் அவ்வீட்டில் ஓய்வுநாள் என ஒன்றில்லை.

இடமும் அவ்வாறே பொதுவாக இருத்தல் வேண்டும். தெம்பெல்ஹோவ் வெளியிற் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தை 2014 மே மாதத்தில் நடந்த வாக்கெடுப்பிற் பேர்லின் மக்கள் நிராகரித்தனர். அவ்வாக்குகளின் பயனாகவே பணமற்ற மாணவனும் அங்கு புல்லில் அமர முடிகிறது. மறுபுறம், 2021 யூலை முதல் மாதத்தின் முதல் ஞாயிறன்று நூதனசாலைகள் பலவற்றை இலவசமாகப் பார்வையிட இருந்த வாய்ப்பு, நிதிக்குறைப்பினால் 2024 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. பொதுவாக்கப்படாத ஓய்வு பணமுள்ளோரின் உடைமையாகவே எஞ்சும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1880இற் சோம்பியிருக்கும் உரிமை பற்றி எழுதிய போல் லபார்க் மூன்று மணிநேர வேலைநாளைக் கோரினார். 1932இற் சும்மா இருத்தலைப் புகழ்ந்து எழுதிய பேர்ட்ரண்ட் ரசல் நான்கு மணிநேரம் போதும் என்றார். எண்களில் வேறுபட்ட இருவரும் ஒன்றில் உடன்பட்டனர்: ஓய்வு சிலரின் சலுகையாக இருக்கும்வரை அது ஊழலுக்குரியது, எல்லோருடைய உரிமையானால் நாகரிகத்திற்குரியது.

ஆகவே, பிறர் பொருளில் வாழும் மாணவனுக்கும் ஓய்வுநாள் உரியதே. நன்கு படிப்பதற்கான கருவி என்பதனால் அன்று, மனிதனாதலால் உரியது. ஆனால், அவ்வுரிமை இரு கடமைகளைத் தன்னுடன் கொண்டுவருகிறது. தன் ஓய்வை எவரிடமும் ஒளியாது சொல்லத் துணிதல் ஒன்று; தனக்கு நல்லதென்று கண்டதனைத் தன்னைத் தாங்கும் கைகளுக்கும் கிடைக்கச்செய்யத் தன்னாலியன்றதைச் செய்தல் மற்றொன்று. கற்றவன் நாளை அலுவலகத்திலும் அரசிலும் ஆசிரியர் இருக்கையிலும் அமர்வான். பிறருடைய வேலைநேரத்தை வகுக்கும் அதிகாரம் அவன் கைக்கு வரும். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்கும் கடையில் நிற்கும் இளைஞனுக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டா என்று அன்று அவன் கேட்பானா என்பதே, அவன் கற்ற காலத்து ஓய்வு நன்கு கழிந்ததா என்பதற்குரிய சோதனையாகும்.